இறால் தொட்டிக்குள் வெறுங்கை

மாணவர்களே, அறிவியல் கூடத்தின் மூலையில் சிவப்பு இறால்கள் நிறைந்த சிறிய தொட்டி ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "டீச்சர், உள்ளே வெறுங்கையை விடலாமா?" சிலருக்கு இறால் கடித்துவிடுமோ என்ற பயம். வேறு சிலருக்குத் தங்கள் கையால் இறாலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற கவலை. இந்த இரண்டாவது கவலைதான் நியாயமானது. விடலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அந்தக் கை அதற்குச் சற்று முன் எதைத் தொட்டது என்று கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்வேன்.

ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருவர் தம் வீவக வீட்டில் இருபது லிட்டர் தொட்டியில் செர்ரி இறால்களை வளர்த்துவந்தார். அதே தொட்டியில் நான்கு கப்பி மீன்களும் சில நத்தைகளும் இருந்தன. ஒருநாள் இரவு சமையலறையில் கரப்பான்பூச்சி ஓடியது. அண்ணன் பூச்சிக்கொல்லித் தெளிப்பானை அடித்து, செத்த பூச்சியைத் திசுத்தாளால் எடுத்துப் போட்டார். பிறகு கூடத்துக்கு வந்தவர், தொட்டியில் ஒரு செடி வேரோடு மிதப்பதைப் பார்த்து, கையை விட்டு அதை மறுபடியும் நட்டுவைத்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். காலையில் பார்த்தால் முப்பதுக்கும் மேற்பட்ட இறால்கள் அடியில் கிடந்தன. மீன்கள் நான்கும் வழக்கம்போல் நீந்திக்கொண்டிருந்தன. நத்தைகள் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தன.

மாணவி வருத்தத்தோடு என்னிடம் சொன்னபோது, வகுப்பில் எல்லாரும் சேர்ந்து துப்பறிந்தோம். நீங்களும் யோசித்துப் பாருங்கள். நீரில் ஆக்சிஜன் குறைந்திருந்தால்? மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அம்மோனியா ஏறியிருந்தால்? மீன்களும் வாடியிருக்கும். செம்பு கலந்திருந்தால்? இறாலுக்கு அது நஞ்சு, ஆனால் நத்தைக்கும் நஞ்சு. நத்தைகளை ஒழிப்பதற்கென்றே செம்புச் சல்பேட்டைப் பயன்படுத்துவார்கள். நத்தைகள்தாம் சுகமாக இருந்தனவே. தோலுரிப்பதில் கோளாறு என்றால் ஒன்றிரண்டாக, நாள்கணக்கில் சாகும். ஒரே இரவில் மொத்தமும் போகாது.

மீன் முதுகெலும்புள்ள விலங்கு. நத்தை மெல்லுடலி. இறால் மட்டும்தான் கணுக்காலி. தொட்டியில் கணுக்காலியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொன்ற பொருள் எது? கரப்பான்பூச்சியும் கணுக்காலிதான். இதைச் சொன்னதும் வகுப்பே அமைதியானது.

வீட்டுப் பூச்சிக்கொல்லித் தெளிப்பான்கள் பலவற்றில் இருப்பவை பைரித்ராய்டு என்னும் வேதிப்பொருள்கள். ஒருவகைச் செவ்வந்திப் பூவிலிருந்து எடுக்கப்படும் பைரித்ரம் என்ற இயற்கைப் பொருளைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவை இவை. நரம்புச் செல்லின் சவ்வில் சோடியம் அயனிகள் உள்ளே நுழைவதற்கென்று நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. ஒரு செய்தி நரம்பு வழியே போகும்போது வாயில் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். பைரித்ராய்டு அந்த வாயிலில் ஒட்டிக்கொண்டு அதை மூடவிடாமல் செய்துவிடுகிறது. நரம்பு விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். இறால் தாறுமாறாக நீந்தி, மல்லாந்து விழுந்து, கால்களை உதறி, கடைசியில் அசையாமல் போகும். நம் உடல் இந்தப் பொருளை விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. நம் உடலின் வெப்பமும் நமக்குச் சாதகம். அதனால்தான் இதை வீட்டுக்குள் அடிக்க அனுமதிக்கிறார்கள். இறாலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மீனுக்கும் இது நஞ்சுதான், ஆனால் அதைக் கொல்லப் பொதுவாக இறாலைக் கொல்வதைவிட அதிக அளவு தேவை.

"கையில் ஒட்டியது எவ்வளவு இருந்துவிடும்?" என்று அண்ணன் கேட்டாராம். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பார்க்கலாம். தெளிப்பானில் நஞ்சின் அளவு 0.2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒட்டியிருந்தது 0.01 கிராம் திரவம். ஒரு சொட்டு நீர் ஏறத்தாழ 0.05 கிராம், ஆக இது சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது. 0.01 கிராம் என்பது 10 மில்லிகிராம். அதில் 0.2 விழுக்காடு 0.02 மில்லிகிராம், அதாவது 20 மைக்ரோகிராம். தொட்டியில் இருந்தது 20 லிட்டர் நீர். 20ஐ 20ஆல் வகுத்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

இந்த ஒன்று பெரிதா, சிறிதா? பைரித்ராய்டு வகைகள் பலவற்றில், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த பல உயிரினங்களைக் கொல்லப் போதும். ஆக, தெரியாத்தனமாக விட்ட ஒரு கை போதுமானதாகிவிடுகிறது. தெளித்தபோது காற்றில் மிதந்த நுண்துளிகள் நேராகத் தொட்டியில் இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அல்லது காற்றுப் பம்ப் அந்தக் காற்றை உறிஞ்சி நீருக்குள் ஊதியிருக்கலாம். கையா, காற்றா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் தவிர்ப்பதுதான் வழி. தெளிக்க வேண்டியிருந்தால் காற்றுப் பம்பை நிறுத்தி, தொட்டியை மூடி, அந்த நேரத்தில் வேறு அறையில் தெளிப்பது நல்லது. தெளித்த கையைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

நாய், பூனை வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்காக அவற்றின் கழுத்தில் விடும் மருந்தில் ஃபிப்ரோனில், பெர்மெத்ரின் போன்றவை இருக்கலாம். இவையும் கணுக்காலிகளின் நரம்பைத் தாக்குபவைதான். மருந்து விட்ட நாளில் நாயைத் தடவிக் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விடாதீர்கள். டெங்கிக் காலத்தில் தோலில் பூசும் கொசுவிரட்டிகளில் பெரும்பாலும் இருப்பது டீட் அல்லது பிகாரிடின். இவை பைரித்ராய்டு அளவுக்குக் கொடியவை அல்ல. என்றாலும் அவற்றோடு எண்ணெயும் வாசனைப் பொருளும் ஆல்கஹாலும் கலந்திருக்கும் என்பதால் அவையும் தொட்டிக்குள் போகத் தேவையில்லை.

இனி செம்புக்கு வருவோம். மேலே சொன்ன நிகழ்வில் செம்பு குற்றவாளி இல்லை. ஆனால் பல தொட்டிகளில் அதுதான் குற்றவாளி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். இறாலின் இரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது ஹீமோசயனின். அதில் இருப்பது செம்பு. இரண்டு செம்பு அணுக்கள் சேர்ந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் சேர்ந்ததும் இரத்தம் நீல நிறமாகும், விட்டதும் நிறமற்றுப் போகும். செம்பு இல்லாமல் இறால் மூச்சுவிட முடியாது. அப்படியானால் நீரில் கொஞ்சம் செம்பு கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும்.

அப்படி இல்லை. நன்னீரில் வாழும் இறாலின் உடலில் உப்பு அதிகம், சுற்றியுள்ள நீரில் உப்பு குறைவு. பாடத்தில் ஆஸ்மோசிஸ் என்று படிப்பீர்களே, அந்தச் சவ்வூடு பரவலால் நீர் ஓயாமல் உடலுக்குள் புகும். உப்பு ஓயாமல் வெளியே கசியும். கசிந்த உப்பை ஈடுகட்ட, செவுள்களில் உள்ள நுண்ணிய 'பம்புகள்' நீரிலிருந்து சோடியத்தை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீரில் கரைந்த செம்பு அயனி அந்தப் பம்புகளை முடக்குகிறது. இறால் தன் உடலின் உப்பை இழந்து சாகிறது. உணவு வழியே அளவோடு உள்ளே போகும் செம்பும், செவுளை நேரடியாகத் தாக்கும் செம்பும் ஒன்றல்ல.

நம் வீடுகளில் செம்பு எங்கே இருக்கிறது? பலர் கையில் செம்புக் காப்பு போட்டிருக்கிறோம். சிலர் செம்பு மோதிரம். பளபளவென்று இருக்கும் செம்பு ஒரு நிமிடம் நீரில் பட்டால் பெரிதாக ஒன்றும் கரைந்துவிடாது. ஆனால் வியர்வை பட்டுப் பச்சையாகக் களிம்பேறிய காப்பில் நீரில் கரையக்கூடிய செம்பு உப்புகள் இருக்கலாம். கழற்றி வைத்துவிட்டுக் கையை விடுங்கள். பாட்டி தண்ணீர் வைத்துக் குடிக்கும் செம்புச் சொம்பால் தொட்டிக்கு நீர் ஊற்றாதீர்கள். வீட்டில் வெந்நீர்க் குழாய் செம்பால் ஆனதாக இருந்தால், அதில் தேங்கி நின்ற நீரையும் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். மீனுக்கு நோய் வந்தால் கடையில் தரும் சில மருந்துகளிலும் செம்பு உண்டு, சீட்டைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

இப்போது கையைக் கழுவும் முறை. இதில்தான் மாணவர்கள் குழம்புகிறார்கள். சோப்பு இறாலுக்கு ஆகாது என்று கேள்விப்பட்டிருப்பார்கள், அதனால் வெறும் நீரில் கையை நனைத்துவிட்டு உள்ளே விட்டுவிடுவார்கள். சோப்பு ஆகாதுதான். நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் எந்தப் பொருளும் செவுளின் மெல்லிய சவ்வுகளைக் கெடுக்கும். ஆனால் கையில் சன்ஸ்கிரீன், கைக்கிரீம், தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், கோடாலித் தைலம் என்று ஏதாவது இருந்தால் வெறும் நீர் அதை அகற்றாது. எண்ணெயும் நீரும் ஒட்டாது. எண்ணெயைப் பிடித்து நீரோடு அனுப்ப சோப்புதான் வேண்டும். ஆகவே முதலில் சோப்பு போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஓடும் நீரில் அரை நிமிடமாவது அலசுங்கள். வழுவழுப்பு துளியும் இல்லாமல், தோலைத் தேய்த்தால் கீச்சென்று பிடிக்க வேண்டும். நகக்கண்ணும் விரலிடுக்கும் சோப்பு ஒளிந்துகொள்ளும் இடங்கள். கை சானிடைசர் இதற்கு மாற்று ஆகாது. அது கிருமியைத்தான் கொல்லும், எண்ணெயை எடுக்காது. அதோடு தன் பங்குக்கு வாசனைப் பொருளையும் விட்டுச் செல்லும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் நீர் எடுத்து, சன்னல் வெளிச்சம் மேற்பரப்பில் படும்படி வையுங்கள். ஒரு விரலில் கைக்கிரீம் தடவி, வெறும் நீரில் அலசிவிட்டு, கிண்ணத்தில் முக்குங்கள். மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம் விரியும் அல்லது நீர் லேசாகக் கலங்கும். அடுத்த விரலில் அதே கிரீமைத் தடவி, சோப்புப் போட்டு நன்றாக அலசி, வேறொரு கிண்ணத்தில் முக்கிப் பாருங்கள்.

குழாய் நீரில் அலசிய கையில் குளோரின் இருக்குமே என்று ஒரு மாணவர் மடக்கினார். நல்ல கேள்வி. சிங்கப்பூரில் குழாய் நீரில் குளோரமைன் சேர்க்கப்படுகிறது. இது குளோரினைவிட நிலையானது. பழைய நூல்கள் சொல்வதுபோல் வாளியில் ஓர் இரவு பிடித்துவைத்தால் போய்விடாது. தொட்டியில் நீர் மாற்றும்போது கட்டாயம் நீர்ச் சீராக்கி மருந்து விட வேண்டும். ஆனால் ஈரக் கையில் ஒட்டியிருப்பது எவ்வளவு? தாராளமாக 5 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரமைன் இருந்தாலும், அந்த 5 மில்லிலிட்டரில் 0.01 மில்லிகிராம்தான். 20 லிட்டரில் அது கலந்தால் லிட்டருக்கு 0.0005 மில்லிகிராம், அதாவது அரை மைக்ரோகிராம். முன்பு பார்த்த ஒரு மைக்ரோகிராம் இறாலைக் கொன்றதே, இதற்கு மட்டும் ஏன் பயமில்லை? நஞ்சுக்கு நஞ்சு அளவு மாறுபடும் என்பதுதான் காரணம். பைரித்ராய்டு நரம்பின் வாயிலையே குறிவைத்துத் தாக்குவது. குளோரமைன் தொட்டியில் உள்ள கரிமப் பொருள்களோடு வினைபுரிந்து தீர்ந்துவிடுவது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் சீராக்கி விட்ட நீரில் கையை ஒருமுறை முக்கிவிட்டுப் போங்கள்.

இதுவரை கையால் இறாலுக்கு வரும் ஆபத்தைப் பார்த்தோம். தொட்டியால் கைக்கு வருவது என்ன?

இறால் கடிக்காது. செர்ரி இறால் வளர்ந்தாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். அதன் முன்கால்களில் உள்ள குட்டிக் கொடுக்குகளின் நுனியில் தூரிகைபோல் மயிர்கள் இருக்கும். பாசியையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் சுரண்டித் தின்ன அமைந்தவை அவை. கையை அசைக்காமல் வைத்திருந்தால் ஒன்றிரண்டு வந்து விரலில் ஏறி, தோலின் இறந்த செல்களைப் பொறுக்கத் தொடங்கும். கூச்சமாக இருக்கும், வலிக்காது. ஈரச்சந்தையில் வாங்கும் புலி இறாலின் தலைக்கூர் விரலைக் குத்துவதுபோல் இது குத்தவும் குத்தாது.

கவலைப்பட வேண்டியது நீரில் உள்ள பாக்டீரியாவைப் பற்றித்தான். அதிலும் ஒன்றின் பெயரை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: மைக்கோபாக்டீரியம் மரினம். காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு. 1926இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரக் காட்சித்தொட்டி ஒன்றில் இறந்த மீன்களிலிருந்து ஆரன்சன் என்ற ஆய்வாளர் இதை முதலில் விவரித்தார். மனிதரையும் இது தொற்றும் என்பது 1950களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் ஒரு நீச்சல் குளத்தைப் பயன்படுத்தியவர்களிடம் தெரியவந்தது. நீச்சல் குளங்களில் முறையாகக் குளோரின் போடத் தொடங்கிய பிறகு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. இப்போது இது வருவது மீன், இறால் தொட்டிகளிலிருந்தும் கடலுணவைக் கையாள்வதிலிருந்தும்தான். தொட்டிப் புண் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு.

இந்தக் கிருமிக்குப் பிடித்த வெப்பநிலை ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ். நம் உடலின் உள் வெப்பநிலையான 37 பாகையில் அது சரியாக வளராது. அதனால் உள்ளுறுப்புகளுக்குப் போவது அரிது. உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ச்சியான விரலும் புறங்கையும் அதற்கு ஏற்ற இடங்கள். முழுத்தோல் வழியே அது நுழையாது. கீறல், நகச்சுற்றுக் காயம், வெடிப்பு என்று ஒரு வாசல் வேண்டும். நுழைந்ததும் உடனே ஒன்றும் தெரியாது. பொதுவாக இரண்டு, மூன்று வாரங்கள், சிலருக்கு மாதங்கள் கழித்து, அந்த இடத்தில் சிவப்பாகவோ ஊதாவாகவோ ஒரு கட்டி எழும்பும். ஆறாது. சிலருக்கு நிணநீர்க் குழாய்களின் வழியே கையில் மேல்நோக்கி வரிசையாகக் கட்டிகள் வரும்.

அதற்குள் தொட்டியில் கையை விட்டதே மறந்துபோயிருக்கும். மருத்துவர் ஏதோ பூச்சிக்கடி, சாதாரணப் புண் என்று களிம்பு கொடுப்பார். ஆறாது. மருந்து மாற்றுவார். அப்போதும் ஆறாது. சாதாரண ஆய்வில் இந்தக் கிருமி சட்டென்று தென்படுவதும் இல்லை, ஏனென்றால் வளர்ச்சி மிக மெதுவு, குறைந்த வெப்பநிலையில் வைத்தால்தான் வளரும். இப்படியே சரியான நோயைக் கண்டுபிடிக்க மாதங்கள் கடந்துவிடுவது உண்டு. "வீட்டில் இறால் தொட்டி இருக்கிறது, அதில் கையை விடுவேன்" என்று பலதுறை மருந்தகத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வரி அந்த மாதங்களை மிச்சப்படுத்தும். மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். குணமாகக்கூடிய நோய்தான், ஆனால் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

இது அரிதான நோய் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு அம்மா தொட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார் என்று யாரும் வர வேண்டாம். கையில் புண் இருந்தால் ஆறும்வரை பொறுத்திருங்கள், அல்லது முழங்கை வரை வரும், மாவு தடவாத நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்திரியை நம்ப வேண்டாம், ஓரத்தில் நீர் புகுந்துவிடும். நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும், இறால் ஒவ்வாமை உள்ளவர்களும் எப்போதுமே கையுறை போடுவது நல்லது. மற்றவர்கள் எல்லாரும் எந்நேரமும் கையுறை போட்டே தீர வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. தடித்த கையுறையோடு செடி நடப் போய் இறால் குஞ்சுகளை நசுக்கியவர்கள் உண்டு. பாதிச் செடி வேலைக்கு நீளமான இடுக்கியே போதும்.

கையை எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண், வாய், தின்பண்டம் எதையும் தொடாதீர்கள். தொட்டி நீரை வெளியேற்றக் குழாயில் வாயை வைத்து உறிஞ்சாதீர்கள். வடிகட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

மின்சாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. நம் தொட்டிகளில் வெப்பமூட்டி அரிது. ஆனால் வடிகட்டி நீருக்குள் இருக்கும், விளக்கு மேலே தொங்கும், வெயில் நாளில் ஒரு சிறு விசிறியும் விளிம்பில் ஒட்டியிருக்கும். தொட்டி நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். கையை விடும் முன் எல்லாவற்றையும் சுவிட்சில் அணைத்தால் மட்டும் போதாது, செருகியையே பிடுங்கிவிடுங்கள், ஈரக் கையால் அல்ல. வீட்டு மின்பெட்டியில் உள்ள மின்கசிவுத் துண்டிப்பான் 30 மில்லிஆம்பியர் கசிந்ததுமே இணைப்பை வெட்டிவிடும். ஆனால் அது கடைசிக் காவல்தான். கம்பி செருகிக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விடுங்கள். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவர்த்துளைக்குள் போகாது.

உள்ளே விட்ட கையை மெதுவாக அசையுங்கள். இறாலைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். தோலுரித்து ஒரு நாள்கூட ஆகாத இறாலின் புதிய ஓடு காகிதம்போல் மென்மையாக இருக்கும். செடிக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பிடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால் வலையைப் பயன்படுத்துங்கள்.

கையை விட்ட சில மணி நேரத்தில் இறால்கள் வெறிபிடித்ததுபோல் நீந்தினாலோ மல்லாந்து துடித்தாலோ, காரணம் தேடிக்கொண்டிருக்காமல் சீராக்கி விட்ட, அதே வெப்பநிலையில் உள்ள நீரால் பாதித் தொட்டியை மாற்றுங்கள். வடிகட்டியில் கிளர்வுற்ற கரி போடுங்கள். சாதாரண நாளில் இவ்வளவு நீரை ஒரே முறையில் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், இறாலுக்கு அது அதிர்ச்சி. நஞ்சு உள்ளே இருக்கும்போது அந்த அதிர்ச்சியே சிறிய தீமை.

கடைசியாக ஒரு கணக்கு. உள்ளளவு 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் கொண்ட தொட்டியில் 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் இருக்கிறது. மேலே பார்த்த அதே 20 மைக்ரோகிராம் நஞ்சோடு ஒரு கை உள்ளே போகிறது. லிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் சேரும்? இதை வைத்துப் பெரிய தொட்டியில் பயமில்லை என்று சொல்லலாமா? நஞ்சு சிதையாமலும் நீர் மாற்றாமலும் இருக்கையில், அதே கை மூன்று நாளுக்கு ஒருமுறை அப்படியே உள்ளே போனால், எத்தனையாவது முறையில் அளவு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமைத் தாண்டும்?